போட்டோவுக்கு நின்ன கெடா

டீக்கடையிலதான் வழி கேட்டிருப்பீங்க. இந்த ஊர்ல வேற கடை இல்லை. கேட்டதும் ஒருத்தர் சிரிச்சிருப்பாரே, மேல்பல்லு ரெண்டு இல்லாம? அவர்தான் என் கொழுந்தனார், சென்னியப்பன். சாமியை ஏமாத்தின வீடா, நேராப் போங்கன்னு சொன்னாரா இல்லையா? நீங்க வாய் திறக்க வேண்டாம். மூஞ்சியே சொல்லுது.

உட்காருங்க தம்பி. அந்தச் சேர் ஒரு கால் ஆடும், சுவத்தோட சாய்ச்சுப் போட்டுக்கங்க. எம் மகன் யுவராசு தாராபுரம் போயிருக்கான், வர ஒரு மணி நேரம் ஆகும். எந்த ஊருன்னீங்க? அறந்தாங்கியா? அடேயப்பா. மூணு பஸ் மாறியிருப்பீங்களே, ஒரு கெடாவைப் பார்க்க.

போனைக் காட்டுங்க. ஆமாங்க, இதேதான். இந்தப் படத்தைக் கையில வெச்சுக்கிட்டு வர்றவங்கள்ல எத்தனாவது ஆள் நீங்கன்னு நான் எண்ணலை. கெடா எங்கயும் போகாது, பின்னாடிதான் கட்டியிருக்கு. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க, அப்புறம் பாருங்க. அதைப் பார்த்துட்டு வந்தா என் பேச்சு உங்க காதுல ஏறாது. அதோட மூஞ்சி அப்படி.

படத்துல காது ரெண்டும் முழுசா இருக்குதுங்களா? பொய். இடது காது நுனி கிடையாது. நான்தான் அறுத்துவிட்டேன். பொறந்த ஒம்பதாம் நாள், கருப்பராயனுக்குன்னு நேர்ந்துவிட்ட குட்டி அது. காதறுத்த குட்டி யாரோட காட்டுல மேஞ்சாலும் ஒருத்தரும் அடிக்கக் கூடாது. விக்கக் கூடாது. பேரும் வைக்கக் கூடாது. பேர் வெச்சா பாசம் வந்துரும். எனக்கு அந்த வேலையே கிடையாது. நேர்ந்துவிட்டது நேர்ந்துவிட்டதுதான்.

எதுக்கு நேர்ந்துவிட்டேன்னு கேளுங்க. இவனுக்காகத்தான். கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில வேலை பார்த்தான் யுவராசு. கழுத்துல அட்டை தொங்கற பட்டையெல்லாம் போட்டுக்கிட்டு வருவான். ஒரு நாள் பாதிப் பேரை வர வேண்டாம்னுட்டாங்க. வீட்டுக்கு வந்தவன் அந்த அறையில போய்ப் படுத்தான் பாருங்க, எட்டு மாசம். இவங்க அப்பா செத்தப்பக்கூட வீடு அப்படி இருந்ததில்லை. சோத்தைத் தட்டுல வெச்சுக் கதவுக்கு முன்னால வைப்பேன். சில நாள் எறும்புதான் திங்கும். பெத்தவ எத்தனை நாள் பார்ப்பா? கருப்பராயன் கோயிலுக்குப் போனேன். எனக்கு மந்திரம் தெரியாது, படிப்பும் ரெண்டாங்கிளாஸ். நமக்குத் தெரிஞ்ச மாதிரி கேட்டேன். எம் மகனைத் தேடி நாலு பேர் இந்த ஊருக்கு வரணும், அவன் எந்திரிச்சு வாசலுக்கு வரணும், அன்னைக்கு இந்தக் குட்டி உனக்கு. அவ்வளவுதான் கேட்டது.

நீங்க யாரைத் தேடி வந்திருக்கீங்க? எம் மகனைத்தானே? நல்லா ஞாபகத்துல வெச்சுக்கங்க. பின்னால சொல்றேன்.

குட்டிக்கு ஆறு மாசம் இருக்கும்போது இவன் வெளியே வந்தான். அம்மா, நான் ஆடு வளர்க்கச் சொல்லிக் கொடுக்கப் போறேன்னான். யாருக்குடா? போன்ல, ஆன்லைன்ல, உலகத்துக்கே. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஆட்டுக்குச் சளி புடிச்சா மூக்கு எந்தப் பக்கம் ஒழுகும்னு தெரியாதவன். ஆனா தலையைச் சீவியிருந்தான், அதனால நான் சிரிக்கலை. சாயங்காலம் பட்டியில ஆடு அடைக்கும்போது நோட்டோட வந்து நிப்பான். குட்டி போட்ட ஆட்டுக்கு முதல்ல என்ன கொடுக்கணும், வயிறு உப்பினா என்ன பண்ணணும், வெள்வேலங்காய் எந்த மாசத்துல தீனியா வைக்கணும். நான் சொல்லச் சொல்ல எழுதுவான். மறுநாள் காலையில அதையே சட்டை மாத்திக்கிட்டுப் போனுக்குச் சொல்லுவான். நீங்க படிச்ச பயிற்சி பூராவும் இந்த வாய்ல வந்ததுதான் தம்பி. அதுக்காக நான் பெருமை பேசலை. அவன் கேட்டான், நான் சொன்னேன், அவ்வளவுதான்.

ஆனா ஆள் சேரலை. முதல் தடவை மூணு பேர். அதுல ஒருத்தன் எங்க அக்கா பையன். விளம்பரத்துக்குன்னு இவனே போன்ல படம் புடிச்சிருந்தான். எங்க கொறங்காட்டுல, ஆடு மேயற நிலத்துல, வேலியோரம், ஆடுகளுக்கு நடுவுல நான் நைட்டியில சாணிக்கூடையோட குனிஞ்சு நிக்கிறேன். பார்த்தவன் ஆடு வளர்க்கவா வருவான்? வளர்க்கிறவனும் வித்துட்டு ஓடிருவான். மறுபடியும் அந்த அறைக் கதவைப் பார்க்க ஆரம்பிச்சான் யுவராசு. அப்புறம் யாரோ கூட்டாளி சொல்லியிருக்கான், நல்ல போட்டோகிராபரை வெச்சு எடுடா, படம்தான் ஆளைக் கூட்டிட்டு வரும்னு.

அப்படி வந்தவதான் பெனிட்டா. கோயமுத்தூர்ப் புள்ள. கல்யாணப் படம் எடுக்கிறவளாம். கால்சட்டை, தோள்ல ரெண்டு காமிரா, வெள்ளைக் குடை ஒண்ணு. மழையும் இல்லை வெயிலும் இல்லை, எதுக்குடி குடைன்னேன். வெளிச்சத்தைப் புடிக்க ஆன்ட்டின்னா. ஆன்ட்டி. நான் நாச்சம்மான்னேன். சரி நாச்சம்மா ஆன்ட்டின்னா. நல்ல புள்ளைதான், திட்ட மனசு வரலை.

அவ காமிராவைத் தூக்கினதும் ஆடெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுது. குடையைப் பார்த்துப் பயம். ஒண்ணு மட்டும் ஓடலை. காதறுத்ததுக்கு என்ன பயம்? பொறந்ததுல இருந்து ஒரு அடி வாங்கினதில்லை. ஊரே அதுக்கு வழி விட்டிருக்கு. நேரா நடந்து வந்து காமிராவை மோந்து பார்த்துட்டு, தலையைத் தூக்கி நின்னுச்சு, ஊர்க்கவுண்டர் மாதிரி. அந்தப் புள்ளைக்கு மூச்சே நின்னு போச்சு. இதுதான், இதுதான்னா.

நான் குறுக்க போய் நின்னேன். அது சாமி கெடா, அதைப் படம் புடிக்கக் கூடாதுன்னேன். யுவராசு என்னை அக்கட்டால கூட்டிட்டுப் போனான். அவன் சொன்னதை அப்படியே சொல்றேன்.

"அம்மா, நீ சாமிகிட்ட என்ன கேட்டே? நாலு பேர் வரணும்னுதானே? எப்படி வருவாங்க, காத்துலயா?"

வழி விட்டு நகர்ந்துட்டேன்.

இப்ப ஒண்ணு சொல்றேன், இதை நல்லாக் கேளுங்க, எல்லாமே இதுலதான் இருக்கு. நம்ம கெடா கருப்பு. சொட்டு வெள்ளை கிடையாது. கருப்பு படத்துல விழாதாம். வெறும் ஓட்டை மாதிரி தெரியுதாம். அதுக்கு அந்தப் புள்ள ஒரு வழி வெச்சிருந்தா. நீலக் கலர்ல பாட்டில், தலையில விசை, அழுத்தினா சாரல் மாதிரி தண்ணி வரும். அதை மேல அடிச்சா முடி மினுங்குமாம். அடிச்சா. கெடா உடம்பு பூராவும் உதறிச்சு. அவ மூஞ்சி, கண்ணாடி, காமிரா எல்லாம் தண்ணி.

எனக்குப் பகீர்னுச்சு. ஏன்னா உங்க பக்கம் எப்படியோ, எங்க கோயில்ல தண்ணி தெளிச்சுத்தான் உத்தரவு கேட்கிறது. மஞ்சத்தண்ணியைத் தலையிலயும் முதுகுலயும் தெளிப்பாங்க. கெடா உடம்பை உதறிச் சிலுப்புச்சுன்னா சாமி ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். துளுக்குதுன்னு சொல்லுவோம். துளுக்கினாத்தான் அருவா. துளுக்கலைன்னா யாரும் தொட முடியாது, ராசாவே வந்தாலும்.

சரி, வெறும் போட்டோவுக்குத்தானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா உதறினா படம் கலங்கிப் போகுதாம் அவளுக்கு. அதனால அசையாம நிக்கப் பழக்கினா. தண்ணி அடிப்பா, உதறும். மறுபடி அடிப்பா, உதறும். எப்பவாவது ஒரு தரம் சும்மா நின்னுச்சுன்னா பையில இருந்து ஒரு பிஸ்கட். திரும்பத் தண்ணி, நின்னா பிஸ்கட். மத்தியானத்துக்குள்ள கெடாவுக்கு விசயம் புரிஞ்சு போச்சு. மறுநாள் பாட்டிலைக் கண்டாலே தலையைத் தூக்கி, முன்காலைச் சேர்த்து வெச்சு நிக்குது, சிலை மாதிரி. எம் மகன் எட்டு மாசத்துல கத்துக்காததை அது ரெண்டு நாள்ல கத்துக்கிச்சு.

படம் வந்துச்சு. பார்த்தா எனக்கே அடையாளம் தெரியலை. கெடாவுக்குப் பின்னால பச்சைப் பசேல்னு மலை. எங்க காட்டுல பச்சையைப் பார்த்து மூணு வருசம் ஆச்சு. காது முழுசா இருக்கு. கருப்பராயனுக்குன்னு நான் போட்ட அடையாளத்தை அந்தப் புள்ள கம்ப்யூட்டர்ல தைச்சுப்புட்டா. பக்கத்துல எம் மகன் கைகட்டி நிக்கிறான், ஆட்டுக்குள்ளயே பொறந்து வளர்ந்தவனாட்டம். கீழ எழுத்து. உங்கள் பட்டியிலும் இப்படி ஒரு பொலிகெடா. சாமிக்கு விட்டதை இனத்துக்கு விடற கெடாங்கிறான், ஆனாலும் நல்லா எழுதியிருந்தான். நான் காதைப் பத்தி மட்டும் ரெண்டு நாள் சண்டை போட்டேன்.

ஆனா தம்பி, பொய் சொல்லக் கூடாது. படம் ஆளைக் கூட்டிட்டு வந்துச்சு. சேலம், திண்டுக்கல், சிலோன்ல இருந்துகூட ஒரு அம்மா சேர்ந்தாங்களாம். முதல் ஆள் இந்த வாசலுக்கு வந்து, யுவராஜ் சார் வீடுங்களான்னு கேட்டப்ப நான் புண்ணாக்கு ஊற வெச்சுக்கிட்டிருந்தேன். சாராம். உள்ளே இருந்து எம் மகன் வந்தான். எந்திரிச்சு, நடந்து, வாசலுக்கு. நான் திரும்பிக்கிட்டு அழுதேன். ரெண்டாவது ஆள் வந்தார். மூணாவது ஒரு புருசன் பொண்டாட்டி. அதோட நாலு. நாலுன்னா நாலுதான். நான் கேட்டதைக் கருப்பராயன் கொடுத்துட்டான், முன்னால உங்களை யாரைத் தேடி வந்தீங்கன்னு கேட்டது இதுக்குத்தான். இனி நான் கொடுக்கணும்.

பங்குனி நோம்பி, அதான் கோயில் திருவிழா, சாட்டினதும் சொன்னேன், இந்த வருசம் நம்ம கெடா இருக்குன்னு. யுவராசு சாப்பிட்டுக்கிட்டிருந்தவன் கையை உதறிட்டான். கடைசி நாள் வகுப்புல அந்தக் கெடாவை நேர்ல காட்டறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கானாம். அதுக்காகவே பாதிப் பேர் சேர்ந்திருக்காங்களாம். அதை வெட்டித் தின்னுட்டோம்னு எப்படிச் சொல்றதுங்கிறான்.

"வேற கெடா கொடுக்கலாம் அம்மா. பெருசாவே கொடுக்கலாம்."

"கேட்கும்போது மாத்திக் கேட்டனாடா? கொடுக்கும்போது மாத்திக் கொடுக்க, இதென்ன ரேசன் அரிசியா?"

"அப்ப என் பொழப்பு?"

"உன் பொழப்பே அவன் கொடுத்ததுதான்."

போய்க் கதவைச் சாத்திக்கிட்டான். அதே கதவு. தட்டை வெச்சேன், ரெண்டு நாள் எறும்பு தின்னுச்சு. இந்தப் பக்கம் கொழுந்தனார் வந்து உட்கார்ந்துக்கிட்டு, நேர்ந்ததைக் கொடுக்காத வீட்டுல கண்ணு போகும், கால் போகும்னு எடுத்துச் சொல்றார். அவருக்குக் கறிதான் முக்கியம், எனக்குத் தெரியாதா? ஆனா அவர் சொன்னதுல தப்பு இல்லை. நான் அசையலை. ஊரே பார்க்கட்டும், கெடா போகும்னு சொல்லிட்டேன். நாச்சம்மா ஒரு சொல்லு சொன்னா அது சொல்லு.

அந்த வருசம் வெயில் உங்களுக்குத் தெரியும். மாசியிலயே கல்லு காய்ஞ்சுது. கருப்புத்தோலு, சூட்டை அப்படியே இழுக்கும். நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கும் பாவம். அந்தப் புள்ள மாசாமாசம் படமெடுக்க வந்தவ பாட்டிலை இங்கேயே விட்டுட்டுப் போயிருந்தா. சரி கிடக்குதே, வீணாப் போகுதேன்னு எடுத்து ஒரு நாளைக்கு ஆறு வேளை தண்ணி அடிச்சேன். அவ்வளவுதான். சூட்டுக்கு. சாமிகிட்டப் போற ஜீவன், வாடிப் போய்ப் போகலாமா? மத்த ஆட்டுக்கு ஏன் அடிக்கலைன்னு கொழுந்தனார் கேட்கிறார். மத்த ஆட்டுக்கு நிழல் போதும். அதென்ன கேள்வி?

நோம்பி அன்னைக்கு நானே குளிப்பாட்டினேன், நானே மாலை போட்டேன், நானே கயிறைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். யுவராசு பின்னாலயே வந்தான். எங்களுக்கு முன்னால பதினோரு கெடா. தண்ணி பட்டதும் துளுக்குச்சு, போச்சு. எங்க முறை வந்துச்சு. பொங்கியண்ணன் பூசாரி மஞ்சத்தண்ணியை எடுத்துத் தலையில தெளிச்சார்.

அது முன்காலைச் சேர்த்து வெச்சுது. தலையைத் தூக்குச்சு. நின்னுச்சு.

முதுகுல தெளிச்சார். நின்னுச்சு. காதுக்குள்ள ஒரு சொட்டு விட்டார். எந்த ஆடும் அதுக்கு உதறாம இருக்காது. அது நின்னுச்சு. சுத்தியும் ஆளுங்க போனைத் தூக்கிப் புடிச்சிருக்காங்க, கெடா ஒவ்வொரு போனையும் பார்க்குது. இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம். ஒரு சொம்பு, ரெண்டு சொம்பு. அப்புறம் குடத்தையே கவுத்தாங்க. தண்ணி தாடியில சொட்டுது, அது குத்துக்கல்லாட்டம் நிக்குது. மேளக்காரர் அடிச்சு அடிச்சுக் கை சோர்ந்து போனார். வெயில் உச்சிக்கு வந்துருச்சு. பூசாரி குனிஞ்சு, ஐயா சாமி, என்ன குறைன்னு கேட்கிறார். அது அவர் இடுப்பு மடியை மோந்து பார்த்துட்டு, அங்கே ஒண்ணும் இல்லைன்னு திரும்பி எம் மடிக்கு வந்துருச்சு.

எம் மடியில பிஸ்கட் இருந்துச்சு. ஆமா, இருந்துச்சு, அதனால என்ன? எனக்குச் சர்க்கரை. மாத்திரையைப் போட்டுட்டு வெயில்ல நின்னா தலை சுத்தும். டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க, எப்பவும் ரெண்டு பிஸ்கட் முடிஞ்சு வெச்சுக்கன்னு. அதை வெச்சுக்கிட்டுத்தான் கொழுந்தனார் ஊர் முன்னால கத்தினார்.

"அண்ணி, கெடாவைப் பழக்கிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

நான் விட்டனா? அவங்க அண்ணன், எங்க வீட்டுக்காரர், செத்து ஆறு வருசத்துல ஒரு நாளும் அவருக்கு முன்னால குரல் உசத்தாதவ, அன்னைக்கு உசத்தினேன். கயிறை எடுத்து அவர் கையில கொடுத்தேன்.

"நீங்களே தெளிங்க தம்பி. துளுக்கினா நீங்களே வெட்டுங்க. தலைக்கறியும் உங்களுக்கு."

தெளிச்சார். ஒரு குடம் பூராவும் தெளிச்சார். அது அவரைப் பார்த்துக்கிட்டே நின்னுச்சு, படத்துல நிக்குது பாருங்க, அதே மாதிரி. கூட்டத்துல யாரோ சிரிச்சுட்டாங்க. அந்தச் சிரிப்பைத்தான் அவர் இன்னும் மறக்கலை. டீக்கடையில உட்கார்ந்துக்கிட்டு என்னை வையறாரே, அது சாமிக்காக இல்லை.

பூசாரி சொல்லிட்டார். உத்தரவு இல்லை, கூட்டிட்டுப் போ, அடுத்த நோம்பிக்குக் கேட்கலாம்னு. சாமி சொன்னதுக்கு மேல நான் யாரு? கூட்டிட்டு வந்தேன். யுவராசு கயிறை எங்கிட்ட இருந்து வாங்கிக்கிட்டான். வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டுல சோறு போட்டுட்டு வந்து என் பக்கத்துல உட்கார்ந்தான். அவன் எனக்குச் சோறு போட்டது அதுதான் முதல் தடவை.

இப்பக் கேட்டீங்களே. இதுல நான் எங்க சாமியை ஏமாத்தினேன்? கூட்டிட்டுப் போகலையா? தண்ணி தெளிக்கலையா? அவன் வேண்டாம்னா நான் என்ன அவன் வாயில திணிக்கவா? ஊர்ல பேசறாங்க. நாச்சம்மாவுக்கு அதும்மேல பாசம், அதனாலதான்னு. பாசமா? எனக்கா? ஆட்டுக்காரிக்குப் பாசம் வந்தா பட்டி நிறைஞ்சு போகும். ராத்திரி வெல்லம் வெச்சாத்தான் படுக்கும், அதுக்காக வெல்லம் வைக்கிறேன். தட்டுல சோறு தின்னு பழகிருச்சு, அதுக்காகத் தட்டுல போடறேன். பழக்கம் வேற, பாசம் வேற.

இந்த நோம்பிக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு. கண்டிப்பாக் கூட்டிட்டுப் போவேன். நீங்களும் வேணா வாங்க, வந்து உங்க கண்ணால பாருங்க. போய் அந்த டீக்கடையிலயும் சொல்லுங்க. நாச்சம்மா நேர்ந்ததை மறக்கிறவ இல்லை. துளுக்கினா அன்னைக்கே அருவா. துளுக்கலைன்னா அதுக்கு அடுத்த வருசம்.

கேட்குதா, கத்துது பாருங்க. இருடா கருப்பட்டி, வர்றேன், ஆள் வந்திருக்காங்கன்னு தெரியலையா உனக்கு.

மணி மூணாயிருச்சுங்களா? வெயில் இன்னும் தணியலை. தம்பி, உங்க தலைக்கு மேல ஆணியில நீலப் பாட்டில் தொங்குது பாருங்க, அதை எடுத்துக்கங்க. விசையை அழுத்தினாப் போதும், மூஞ்சிக்கு நேரா அடிக்க வேண்டாம். பயப்படாதீங்க, அசையாம நிக்கும். இந்தாங்க, இதையும் வெச்சுக்கங்க, ரெண்டு பிஸ்கட் இருக்கு. உதறினா கொடுக்கவே கூடாது. நின்னதுக்கு அப்புறம்தான் கொடுக்கணும், மறந்துறாதீங்க.